கொடியில் தொங்காத காலுறை

எங்கள் அத்தான் தெரென்திக்குக் குளிராது. அவரே சொல்லித்தான் ஊருக்குத் தெரியும். மற்றவர்கள் வணக்கம் சொல்கிற இடத்தில் அவர் இதைச் சொல்வார். தொப்பியின் காதுமடல்களை மடக்கி உச்சியில் கட்டிக்கொண்டு ரொட்டிக் கடை வாசலில் நிற்பார். மூக்கு நுனி வெளுத்திருக்கும். கொஞ்சம் தேய்த்துவிடுங்களேன் என்று யாராவது சொன்னால், அது பிறந்ததிலிருந்தே அப்படித்தான் என்பார். லேனா ஆறு பாதி வருஷத்துக்கு மேல் கல்லாகக் கிடக்கிற ஊரில், கண்ணிமை முடியெல்லாம் வெள்ளை பூத்து நிற்கிற ஜனங்களிடம் போய் எனக்குக் குளிராது என்று சொல்வதற்கு ஒரு தனித் தடிப்பு வேண்டும். அது அவரிடம் தாராளமாக இருந்தது.

மேல்நதிப் பக்கம் குதிரை வளர்க்கிற வீட்டில் பிறந்தவர். அவருடைய அப்பா அவரைக் குழந்தையிலேயே பனியில் உருட்டி எடுத்தார் என்று ஒரு கதை வைத்திருந்தார். என் அக்கா உலியானாவைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டோடு வந்து சேர்ந்தபோது அந்தக் கதையில் உருட்டினது ஒரே ஒரு தரம். பிள்ளைகள் பிறந்த பிறகு தினமும் உருட்டினார்கள். மூத்த மகள் கல்யாண விருந்தில் ஓர் ஓநாயும் வந்து சேர்ந்துகொண்டது. அவருடைய அம்மா எங்களிடம் வந்து தங்கியிருந்த சமயம் நான் கேட்டே விட்டேன். அந்த அம்மாள் பல்லில்லாத வாயால் குதிரைக் கொழுப்பைச் சப்பிக்கொண்டே, "அவனா? பள்ளிக்கூடம் போற வரைக்கும் என் கோட்டுக்குள்ளதான் கெடந்தான்" என்றாள்.

அப்படிப்பட்டவர்தான் கப்பல் துறையில் பனிக்கட்டி வெட்டுகிற குழுவுக்கு மேஸ்திரி. நான் அதே துறையில், கரையோரக் குடிசையில், அந்தக் குழுவுக்குச் சூப் வைக்கிறவள். ஆக, வீட்டிலும் அத்தான், வேலையிலும் அத்தான். என் பொறுமையைப் பற்றி யாரும் பேசியதில்லை.

எங்கள் துறையில் கப்பலின் அடிப்பக்கம் பழுதானால் கப்பலைத் தூக்குவதில்லை. ஆறு உறைந்து கப்பல் மாட்டிக்கொண்டதும் அதைச் சுற்றிப் பள்ளம் வெட்டுவார்கள். ஒரே மூச்சில் வெட்ட முடியாது. கீழே ஆறு ஓடிக்கொண்டிருக்கிறது. ஓர் அடுக்கை எடுத்துவிட்டு, பள்ளத்தின் தரையில் ஒரு சாண் பனிக்கட்டியை விட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். குளிர் பள்ளத்துக்குள் இறங்கித் தரையை அடியிலிருந்து தடிக்க வைக்கும். பிறகு இன்னோர் அடுக்கு. வெட்டுகிறது மனிதர்கள், ஆழத்தைக் கொடுக்கிறது குளிர். பொறுக்காமல் ஒரு வெட்டு கூடுதலாக விழுந்தால் தரை கிழிந்து ஆறு உள்ளே வந்துவிடும். குழு மொத்தமும் மாதக்கணக்கில் தோண்டின பள்ளம் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் நிரம்பிவிடும். ஆகவே தண்ணீரை வரவழைத்தவனுக்கு எங்கள் துறையில் மன்னிப்பு கிடையாது. பட்டப்பெயர் உண்டு.

லூக்கா என்று ஒருவர். நாற்பதைத் தாண்டினவர், வாய் அதிகம் திறக்காதவர். எப்போதோ ஒரு குளிர்காலத்தில் அவருடைய கோடரி ஒரு வெட்டு ஆழமாக இறங்கிவிட்டது. பனியையும் பனித்தூளையும் அள்ளிப்போட்டு மிதித்து அடைத்துவிட்டார்கள். பள்ளம் தப்பித்தது, லூக்காவின் இரண்டு கால்விரல்கள் தப்பிக்கவில்லை. அன்றைக்கே தெரென்தி அவருக்கு 'ஊத்து' என்று பெயர் வைத்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் அதோடு போயிற்று. சூப் ஊற்றும்போதுகூட, "ஊத்துக்குக் கொஞ்சமா ஊத்து மாவ்ரா, உள்ள ஏற்கெனவே நிறைய இருக்கு" என்பார். குழு சிரிக்கும். லூக்காவும் சேர்ந்து சிரிப்பார். அதைப் பார்க்கத்தான் எனக்குச் சகிக்காது.

மத்தியானம் எல்லாரும் குடிசைக்குள் வந்தால் முதல் வேலை பூட்ஸைக் கழற்றுவது. கம்பளியை அழுத்திச் செய்த பூட்ஸ். வேர்வையில் உள்ளே ஈரம் ஏறும். ஈரத்தோடு மறுபடி வெளியே போனால் கால் போய்விடும். அடுப்புக்கு மேலே சுவருக்குச் சுவர் ஒரு கம்பிக் கொடி கட்டியிருக்கிறோம். காலுறைகளையும் உள்மெத்தைகளையும் அதில் தொங்கவிட்டுவிட்டு, முதல் துண்டு அடையை வழக்கப்படி அடுப்பு நெருப்புக்குப் படைத்துவிட்டு, வெறுங்காலோடு உட்கார்ந்து சாப்பிடுவார்கள். நாற்றம் குடலைப் பிடுங்கும். அந்த நாற்றத்தில்தான் நான் ரொட்டி அறுக்கிறேன்.

அந்தக் கொடியில் தெரென்தியின் காலுறை மட்டும் ஒருநாளும் தொங்கியதில்லை. பூட்ஸோடேயே உட்கார்ந்து சாப்பிடுவார். தன் காலுக்கு வேர்க்கத் தெரியாது என்பார். மற்றவர்கள் இரண்டு ஜோடி போட்டிருப்பதைப் பார்த்து, பிரசவத்துக்குப் போகிறீர்களா என்று கேட்பார். அக்கா இலையுதிர்காலம் முழுவதும் உட்கார்ந்து முயல்தோலில் அவருக்குக் காலுறை தைப்பாள். அதைக் கையில் தூக்கிக் காட்டி, இது கிழவிகளுக்கு என்று விறகுக் குவியலில் எறிந்துவிட்டுத்தான் வீட்டை விட்டுக் கிளம்புவார். எதிர்வீட்டுக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். நானே பார்த்திருக்கிறேன்.

போன குளிர்காலத்தில் ஒரு பழைய சரக்குக் கப்பலின் அடியில் சுழன்று அதைத் தள்ளுகிற விசிறி வளைந்திருந்தது. விசிறிக்குக் கீழே இறங்குகிற பள்ளம்தான் இருப்பதிலேயே ஆழம். அதைத் தெரென்தி தானே எடுத்துக்கொண்டார், கூட லூக்கா. தலைமைப் பொறியாளர் நகரத்திலிருந்து மறுநாள் பார்க்க வருவதாக இருந்தது. நாளைக்கு விசிறி முழுசாகக் கண்ணுக்குத் தெரியும் என்று அத்தான் போனில் வாக்குக் கொடுத்துவிட்டார். குளிர் பூஜ்யத்துக்குக் கீழே ஐம்பதைத் தாண்டியிருந்தது. மூச்சு விட்டால் அது உறைந்து காதுக்குப் பக்கத்தில் தவிடு கொட்டுகிற மாதிரிச் சத்தம் கேட்கும், அந்தக் குளிர். ஆனாலும் பள்ளத்தின் தரை இன்னும் தடிக்கவில்லை. லூக்கா குனிந்து பார்த்திருக்கிறார்.

"அண்ணே, கீழ கறுப்பா தெரியுது. இன்னும் ரெண்டு நாள் விட்டுருவோம்."

"உனக்கு எங்க பாத்தாலும் தண்ணிதான் தெரியும். மேல போய் வடம் சரியா இருக்கான்னு பாரு, ஊத்து."

லூக்கா ஏணியில் ஏறிப் போனார். அத்தான் வெட்டினார். தரை கிழிந்தது.

அப்புறம் நடந்ததை லூக்காவும், கப்பல் காவற்காரரும், ஜுரத்தில் உளறின அத்தானுமாக ஆளுக்குக் கொஞ்சம் சொல்லி எனக்குத் தெரியும். ஓட்டை ஒரு கிண்ணம் அளவு. கூப்பிட்டிருந்தால் நிமிஷத்தில் நாலு பேர் இறங்கியிருப்பார்கள். கூப்பிடவில்லை. பனித்தூளைத் தள்ளித் தள்ளிப் போட்டு, வலது காலை அதன்மேல் வைத்து மிதித்தார். கால் கணுக்கால் வரைக்கும் தண்ணீருக்குள் போனது. ஓட்டை அடைபட்டது. அந்தக் குளிரில் அடைப்பு உறைய அதிக நேரம் ஆகாது. பள்ளம் பிழைத்துவிட்டது. அவ்வளவுதான், மேலே ஏறி வந்து, வேகமாக நடந்து, என் குடிசையில் பூட்ஸைக் கழற்றியிருந்தால் கதை ஒரு சிரிப்போடு முடிந்திருக்கும்.

ஆனால் பழைய பனிக்கட்டி கண்ணாடி மாதிரி இருக்கும். புது அடைப்பு வெள்ளையாக, சுண்ணாம்பு அப்பினது போல் இருக்கும். லூக்கா பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். ஆகவே எங்கள் மேஸ்திரி அந்த வெள்ளைத் திட்டின் மேலேயே ஏறி நின்றுகொண்டார். லூக்கா திரும்பி வந்து பார்க்கும்போது, ஒரே இடத்தில் நின்றபடி கைக்கு எட்டின பக்கமெல்லாம் செதுக்கிக்கொண்டிருந்தாராம். தன் தப்பை மறைக்க அதன்மேலேயே நனைந்த காலோடு நிற்கிற மனிதனை நான் வேறு எங்கும் கேள்விப்பட்டதில்லை.

மத்தியானம் சூப்புக்கு வரவில்லை; வேலை இருக்கிறது என்று ஆளிடம் சொல்லி அனுப்பினார். எல்லாரும் என் குடிசைக்குள் வந்ததும், ஏணியேறிக் கப்பலுக்குள் போய், காவற்காரரின் அடுப்புக்கு முன்னால் பூட்ஸோடு காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார். மரத்த கால் இளகி, எரிய ஆரம்பித்து, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். காவற்காரர் வந்து என்ன ஏது என்று கேட்டதற்கு, உள்ளே புழுக்கம், கதவைத் திற என்றாராம். காவற்காரர் திறந்தும் விட்டிருக்கிறார். பிறகு வெளியே ஆட்கள் திரும்பி வருகிற பேச்சுச் சத்தம் கேட்டதும், அதே ஈர பூட்ஸோடு மறுபடி பள்ளத்துக்குள் இறங்கி, அதே வெள்ளைத் திட்டின் மேல் இருட்டுகிற வரைக்கும் நின்றார்.

சாயங்காலம் அக்கா எனக்குப் போன் செய்தாள். என் வீடு இப்போது அடுத்த வாசல். போனால், மனிதர் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். வலது பூட்ஸ் கட்டையாக உறைந்து பளபளவென்று இருக்கிறது. உள்ளே நடந்தபோது மரச்செருப்பு மாதிரி டக் டக்கென்று சத்தம் வந்ததாம். அதில்தான் அக்கா திரும்பிப் பார்த்திருக்கிறாள்.

"அத்தான், என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. பூட்ஸ் கொஞ்சம் இறுக்கமா இருக்கு."

"தண்ணியில கால விட்டீங்களா?"

"எந்தத் தண்ணி? போய் ஒரு வாளி பனி அள்ளிட்டு வா. தேய்ச்சா சரியாயிரும்."

பனியை வைத்துத் தேய்ப்பதும், உள்ளுக்கு வோட்கா ஊற்றுவதும் அவருக்குத் தெரிந்த வைத்தியம். நான் வாளியைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு, சுகாதார நிலையத்துச் சர்தானாவைக் கூப்பிட்டு வர அக்காவின் மகளை அனுப்பினேன். அக்கா மான் தோல் அறுக்கிற கத்தியால் பூட்ஸை மேலிருந்து கீழே கீறினாள். கம்பளி பலகை மாதிரி இரண்டாகப் பிளந்தது.

உள்ளே முயல்தோல் காலுறை. அதற்குள்ளே இன்னொரு முயல்தோல் காலுறை.

அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. கத்தியைத் துடைத்துக்கொண்டே, "தெருமுனை வரைக்கும் போயிட்டு, பின்பக்கமா திரும்பி வந்து விறகுக்குவியல்லேருந்து எடுத்துப் போட்டுக்குவாரு. தெனமும்" என்றாள். இத்தனை வருஷமாக அவர் காலுறையைக் கொடியில் தொங்கவிடாததன் ரகசியம் அவ்வளவுதான். வேர்க்காத கால்! ஊரிலேயே நன்றாக வேர்க்கிற கால் அதுதான்.

பாதத்தின் முன்பாதி மெழுகு மாதிரி இருந்தது. சர்தானா வந்து பார்த்தாள். வாளியைப் பார்த்து முறைத்தாள். நான் தயாராக வைத்திருந்த வெதுவெதுப்பான தண்ணீரில் முழங்கையை விட்டுப் பார்த்துத் தலையசைத்தாள். காலை அதில் இறக்கினதும் அத்தான் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு விளக்கு எரிந்தது. சர்தானா ஒரே கேள்விதான் கேட்டாள்.

"நடுவுல எங்கயாவது சூடு காட்டினீங்களா?"

அவர் சுவரைப் பார்த்தார். நடுவில் சூடு காட்டினதைச் சொன்னால் நடுவில் எதற்குக் காட்டினாய் என்று வரும். அதற்கு நனைந்தது என்று சொல்ல வேண்டும். நனைந்தது என்றால் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று வரும். தராசில் ஐந்து விரல் ஒரு தட்டில், இந்தப் பதில் ஒரு தட்டில். அவர் அப்போதும் யோசித்துக்கொண்டிருந்தார்.

"காவக்காரர் அடுப்புல கொஞ்ச நேரம்" என்று கடைசியில் சொன்னார்.

சர்தானா வண்டிக்குப் போன் செய்தாள். நகரத்து ஆஸ்பத்திரியில் அத்தான் வாரக்கணக்காகக் கிடந்தார். விரல்கள் கறுத்து, எதுவரை செத்தது என்று கோடு தெரிகிற வரைக்கும் காத்திருந்து, ஐந்தையும் எடுத்தார்கள். ஒரு தரம் உறைந்ததோடு விட்டிருந்தால் ஏதாவது மிஞ்சியிருக்கலாம், உறைந்து இளகி மறுபடி உறைந்ததை யாராலும் காப்பாற்ற முடியாது என்று டாக்டர் அக்காவிடம் சொல்லியிருக்கிறார். அக்கா அழவில்லை. கட்டுத்துணி துவைக்க எந்தச் சோப்பு நல்லது என்று கேட்டுக்கொண்டு வந்தாள்.

மனிதர் ஊர் திரும்பினபோது கதை தயாராக இருந்தது. கப்பலே முழுகப் பார்த்ததாம். ஆறு பொங்கி ஆள் உயரத்துக்கு அடித்ததாம். தனி ஆளாகக் காலைக் கொடுத்து அடைத்தாராம். யாருடைய வெட்டில் ஓட்டை விழுந்தது என்பது மட்டும் அதில் இல்லை. பார்க்க வந்த குழு கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து, அக்கா சீவி வைத்த உறைந்த மீனைத் தின்றுகொண்டே கேட்டது. பொறியாளர்கூட ஒரு கம்பளம் அனுப்பியிருந்தார்.

லூக்கா கடைசியில் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் வந்த மறுநாள் காலையிலேயே அவர் அந்த வெள்ளைத் திட்டைப் பார்த்துவிட்டார். அதில் பூட்ஸ் கம்பளி நார் ஒட்டி உறைந்திருந்ததையும் பார்த்தார். யாரிடமும் சொல்லவில்லை. பின்னால் என்னிடம் மட்டும் சொன்னார். எல்லாரும் எழுந்தபோது, கோட்டுக்குள்ளிருந்து தோலில் தைத்த ஒரு சின்னத் திண்டை எடுத்துக் கட்டில்மேல் வைத்தார்.

"பூட்ஸ்ல முன்பக்கம் காலியா இருந்தா கவுந்து விழுந்துருவீங்கண்ணே. இதை வச்சுக்குங்க. மான் முடிதான் அடைச்சிருக்கேன். குதிரை முடி குத்தும்."

அத்தான் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். குழு மொத்தமும் பார்த்துக்கொண்டிருந்தது. "இதெல்லாம் தண்ணிய வரவழைச்சவனுக்கு" என்று சொல்லி லூக்காவின் பக்கமே தள்ளினார். லூக்கா எடுத்துக்கொள்ளவில்லை, தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தில் மீன் சீவுகிற கத்தியை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். இரண்டு நாளில் கழிவறைக்குப் போகிற வழியில் முகம் குப்புற விழுந்தார். மூன்றாம் நாள் திண்டு பூட்ஸுக்குள் இருந்தது. யார் வைத்தது என்று நானும் கேட்கவில்லை, அக்காவும் சொல்லவில்லை.

இந்தக் குளிர்காலத்தில் அவரால் பள்ளத்துக்குள் இறங்க முடியாது. துறையில் இரக்கப்பட்டு என் குடிசையில் அடுப்பு பார்க்கிற வேலை கொடுத்தார்கள். யார்மேல் இரக்கப்பட்டார்கள் என்று எனக்குத் தெரியவில்லை, என்மேல் இல்லை. நாள் முழுவதும் அடுப்போரம் உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களின் காலுறையைப் பார்த்துப் பிரசவம் எப்போது என்று கேட்பார். நான் ஒரே ஒரு சட்டம் போட்டேன்: காலுறை கொடியில் ஏறினால்தான் சூப். அத்தான் தனக்கு அது பொருந்தாது என்றார், பனிக்கட்டி வெட்டுகிறவர்களுக்குத்தானே அது. அவரோடு வாதாட எனக்கு நேரமில்லை என்று விட்டுவைத்தேன்.

போன வாரம் ஏவ்சே என்கிறவன் சாப்பாட்டுக்கு வந்தான். கல்யாணமாகிக் கைக்குழந்தை இருக்கிறவன், குழுவுக்குப் புதுசு. எல்லாரும் பூட்ஸைக் கழற்றினார்கள், அவன் கழற்றவில்லை. பசியில்லை, ரொட்டி மட்டும் போதும், வெளியே நின்றே தின்றுகொள்கிறேன் என்றான். கதவை நோக்கித் திரும்பினபோது பலகைத் தரையில் சத்தம் கேட்டது. டக். டக்.

எனக்கு அந்தச் சத்தம் தெரியும். லூக்காவும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். ஏவ்சே எங்களைப் பார்க்கவில்லை. அவன் பார்த்தது அடுப்போரம் உட்கார்ந்திருந்த வாயை.

நான் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டேன். "அத்தான், பூட்ஸைக் கழட்டுங்க" என்றேன்.

"எனக்கெதுக்கு?"

"கொடியில போட."

"எனக்கு வேர்க்காதுன்னு உனக்குத் தெரியாதா மாவ்ரா?"

"எனக்கு எல்லாம் தெரியும். எத்தனை ஜோடின்னும் தெரியும். நீங்க கழட்டுறீங்களா, நான் இவங்ககிட்ட சொல்லிக்கிட்டே கழட்டட்டுமா?"

அடுப்பில் விறகு வெடித்தது. அவர் லூக்காவைப் பார்த்தார். எதற்குப் பார்த்தாரோ. லூக்கா, "ஈரம் இருக்கும்ணே, காலையிலேருந்து போட்டிருக்கீங்க" என்றார், கொடியில் இடம் ஒதுக்கிக்கொண்டே. அந்தக் குரலில் கேலி இல்லை. கேலி இருந்திருந்தால் அத்தான் பிழைத்துக்கொண்டிருப்பார். அதற்குப் பதில் சொல்ல அவருக்குத் தெரியும்.

குனிந்து கழற்றினார். இடது காலில் இரண்டு முயல்தோல். வலது காலில் இரண்டு முயல்தோல், நுனியில் மான் முடித் திண்டு. நான் ஒவ்வொன்றாக வாங்கிக் கொடியில் தொங்கவிட்டேன். வேர்வையில் நனைந்து கனத்திருந்தன. திண்டு எல்லாருடைய தலைக்கு மேலேயும் ஆடிக்கொண்டிருந்தது. யாரும் சிரிக்கவில்லை.

பிறகு ஏவ்சே பெஞ்சில் உட்கார்ந்து பூட்ஸை இழுத்தான். வரவில்லை, லூக்காவும் இன்னொருவருமாகப் பிடித்து இழுத்தார்கள். விரல்கள் வெளுத்திருந்தன, ஆனால் அழுத்தினால் பள்ளம் விழுந்தது; உள்வரைக்கும் உறையவில்லை. நான் தண்ணீர் எடுத்தேன். இனிமேல் இன்றைக்கு இவன் வெளியே போகக் கூடாது என்றேன். பள்ளத்தில் ஓட்டை எங்கே என்று ஒருவன் கேட்டான். கப்பலின் முன்பக்கம், அடைத்துவிட்டேன் என்றான் ஏவ்சே. இரண்டு பேர் பார்க்கப் போனார்கள்.

அத்தான் வாயைத் திறந்தார். என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். அவருடைய கிண்ணம் என் கையில் இருந்தது; கரண்டியை அதற்கு மேலே நிறுத்திக்கொண்டு அவரையே பார்த்தேன்.

"பூட்ஸ அடுப்புக்கு ரொம்பப் பக்கத்துல வைக்காதடா, கருகிரும்" என்றார்.

அவர் திருந்திவிட்டார் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். நேற்று ரொட்டிக் கடையில், ஓட்டையை அடைத்த கதையில் ஒரு மூழ்குகிற மாலுமியும் சேர்ந்துவிட்டான் என்று அக்கா சொன்னாள். மூக்கு நுனி இன்னும் வெளுத்துத்தான் இருக்கிறது. ஆனால் மத்தியானம் ஆனால் நாலு முயல்தோல் காலுறையும் ஒரு திண்டும் கொடியில் ஏறிவிடுகின்றன, மற்றவர்களுடையதற்கு முன்னாலேயே. சூப் வேண்டுமே.